இருதய வால்வு நோயும் நாடித் தடிப்பும்

வெள்ளவத்தைக் கடற்கரையோரம் மாலைவேளையில் உலாவும் எம் பழைய மாணவருட் சிலர், சிறிது தூரம் நடந்ததும் மூச்சிளைத்து நின்று, “வயது போய்விட்டதல்லவா” என்று நகைப்பதுண்டு. அந்நகைப்பினுள்ளே ஒரு நோய் மறைந்திருத்தலுங் கூடும். அதனை விளக்குதலே எமது நோக்கம்.

இருதயத்தின் நான்கு வால்வுகளும் நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறாயிரம் முறை திறந்து மூடி, குருதியை ஒருவழியே செல்லவிடுகின்றன. வால்வு நோயென்றால் முன்னோர் வாதக் காய்ச்சலையே முதலில் எண்ணினர். தொண்டை நோவைத் தரும் ஸ்திரெப்டோகொக்கசுக் கிருமி, கொட்டாஞ்சேனை போன்று மக்கள் நெருங்கி வாழுமிடங்களில் எளிதிற் பரவும். அதனைத் தொடரும் வாதக் காய்ச்சல், பல்லாண்டுகளின் பின் வால்வைச் சுருக்கிவிடும். சிறாரின் தொண்டை நோவுக்குக் காலத்தே பெனிசிலின் கொடுப்பின் இக்கேடு பெரும்பாலும் விலகும்.

முதுமையில் வருவது வேறொன்று. இடது இதயவறையின் வாயிலிலுள்ள பெருநாடி வால்வு, கல்சியம் படிந்து இறுகுவதாம். 1904இல் மொங்கபேர்க் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனைத் தேய்வின் விளைவென்றார். நெடுங்காலம் அக்கருத்தே நிலவிற்று. ஆயின் 65 வயதுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நால்வருள் ஒருவரின் வால்வு தடித்திருக்கக் கண்டது. முதுமை, ஆண்பால், புகைத்தல், உயர் குருதியமுக்கம், தீய கொலஸ்திரோல், லிப்போபுரதம் ‘ஏ’ என்பன அத்தடிப்போடு தொடர்புற்றிருந்தன. இவை நாடித் தடிப்புக்கும் காரணங்களே. நீரிழிவையும் இவற்றோடு சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

இரண்டும் தொடங்கும் விதமும் ஒன்றே. உட்படலம் பழுதுற, கொழுப்பு உட்புகுந்து அழற்சியை விளைக்கின்றது. பின் கல்சியம் படிகின்றது. ஆகவே, வால்வு தடித்தவரது நாடிகளையும் ஐயுறல் தகும். எனினும் முடிவு வேறு. நாடியிற் படிவு வெடித்துக் குருதி உறைந்து மாரடைப்பு நேரும். வால்வோ மெல்ல மெல்ல இறுகும். கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகள் நாடிக்கு நலன் பயப்பினும், வால்வின் இறுக்கத்தைத் தடுக்கவில்லையென 2005, 2008ஆம் ஆண்டுகளில் வெளியான சோதனைகள் காட்டின. மூன்றுக்குப் பதில் இரண்டே இதழ்களுள்ள பெருநாடி வால்வோடு பிறப்போருக்கு, இந்நோய் முன்கூட்டியே வருவதுமுண்டு.

மிக இறுகிய வால்வுக்கு மாற்று வால்வு பொருத்துதலே வழி. 1960 முதல் சத்திர சிகிச்சையாலும், 2002இல் பிரான்சின் வைத்தியர் கிரிபியே முதன்முதற் செய்தவாறு குருதிக்குழாய் வழியேயும் அது பொருத்தப்படுகின்றது. மூச்சிளைப்பு, நெஞ்சிறுக்கம், மயக்கம் தோன்றிய பின் வாளாவிருப்போர் பலர் சில ஆண்டுகளுள் உயிரிழப்பர்.

ஆதலின், மாணவர் தொண்டை நோவைப் புறக்கணியாதிருப்பாராக; புகையை அணுகாதிருப்பாராக. மூத்தோர் குருதியமுக்கத்தையும் நீரிழிவையும் அளந்தறிவதோடு, வைத்தியரிடம் நெஞ்சினைக் காட்டுவாராக. வால்வின் இரைச்சலை அவர் செவிக்குழாயே முதலிற் சொல்லிவிடும். அடுத்த விழாவிலும் நாம் யாவரும் ஒருங்கு கூடுதல் வேண்டுமன்றோ?