பழைய ஜீப் வாங்குமுன் ஒரு கணக்கு

போரினால் பாதிக்கப்பட்ட எமது குடும்பங்களில் நாலு காசு சேர்ந்துவிட்டால் அடுத்த பேச்சு வாகனம்தான். வெளிநாட்டிலிருந்து சகோதரர் அனுப்பியது, சேமலாப நிதி, சீட்டுக் காசு என எதுவாயினும், வீட்டுப் பிள்ளைகளின் கண் ஜீப்பின் மீது போய் விழுகிறது. சாதாரண ஜீப் அல்ல. பஜிரோ, பிராடோ போன்ற சொகுசு ஜீப்.

இந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். வன்னியில் இருந்த சகோதரிகளுக்குத் தெரியும், உதவி வந்தது வெள்ளை ஜீப்பில்தான். 2008 செப்டெம்பரில் அவை கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போக வேண்டாம் என்று மக்கள் கெஞ்சினார்கள். மலையகத் தோட்டங்களிலோ துரை வருவது ஜீப்பில். அப்படியொரு வண்டி நம் வாசலில் நிற்க வேண்டும் என்று பிள்ளை நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த வண்டிகளுக்கு டீசல் அடித்தது நிறுவனமும் தோட்டக் கம்பனியும்.

வெலிமடைக்கு அருகே ஒரு தோட்டத்தில் வாழும் தாயொருவர் அண்மையில் என்னிடம் வந்தார். 1977 வன்செயலின் பின் சிறுமியாக வன்னிக்குப் போய், 2009இல் கணவரை இழந்து, உறவினர் இருந்த லயத்துக்குத் திரும்பியவர். மகனுக்கு இருபத்திரண்டு வயது. எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரருக்கு ஹயர் ஓடலாம் என்று, 1990களில் வந்த ஒரு டீசல் ஜீப்பைப் பார்த்து வைத்திருந்தான். விலையில் மூன்றில் ஒரு பங்கு தாயின் கையில் இருந்தது. மிகுதி லீசிங், கையெழுத்துத் தாயினது.

“வெல கொறஞ்சிருக்காம் மிஸ், இப்ப விட்டா கெடைக்காதாம்.”

“வெல கெடக்கட்டும் அக்கா. மாசம் அது எவ்வளவு சாப்பிடும்னு கேட்டீங்களா?”

நான் சமூகவியல் படித்தவள், இயந்திரம் படித்தவள் அல்ல. ஆனாலும் கொப்பியும் பேனையும் போதும் என்று மூவரும் உட்கார்ந்தோம். அந்த வயது ஜீப் மலைப்பாதையில் லீட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடினால் நல்லது. மாதம் 2,000 கிலோமீட்டருக்கு 250 லீட்டர். லீட்டர் 300 ரூபா என்றால் 75,000 ரூபா. 2022 ஜூனில் ஒட்டோ டீசல் 460 ரூபாவுக்கு ஏறியதே, அந்த விலையில் 1,15,000 ரூபா. அன்று கியூவில் நின்ற நாட்களில் ஹயரும் இல்லை, தவணை மட்டும் நிற்கவில்லை. இவற்றோடு லீசிங் தவணை, காப்புறுதி, வருமான உத்தரவுப் பத்திரம், புகைப் பரிசோதனை, பெரிய டயர் நான்கு. மகன் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

விலை ஏறும், பிறகு விற்றுவிடலாம் என்பதும் அவனது வாதம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வண்டிகள் பொன் விலைக்குப் போனது உண்மை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. அதே வருடம் ஜனாதிபதி செயலகமே லாண்ட் குரூசர் வி8, லாண்ட் ரோவர், நிசான் பட்ரோல் போன்றவற்றை ஏலத்தில் விட்டது, செலவைக் குறைக்க. அரசாங்கத்துக்கே பாரமான வண்டியை ஒரு லயத்து வீடு எப்படித் தாங்கும்?

ஒன்றை மறக்க வேண்டாம். வண்டி பழசானால் அதன் விலை இறங்கும்; உதிரிப்பாக விலை இறங்காது. ஜப்பான் ஜீப்புகளுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்களாவது தேடலாம். காற்று சஸ்பென்ஷன் உள்ள ஐரோப்பிய வண்டிகளின் பக்கமே போகாதீர்கள். 1990களின் 3 லீட்டர் டீசல் பிராடோவில் இருப்பது டைமிங் பெல்ட். ஏறக்குறைய 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். அந்த இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வெடிப்பு விழும். அதே காலத்து 2.8 லீட்டர் பஜிரோவுக்குப் பெல்ட் இல்லை, சங்கிலி.

வண்டியைக் காலைக் குளிரில், இயந்திரம் சூடாகுமுன் போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் காரணம் இருக்கும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சந்தேகியுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்தால் பால் போல் படிந்திருக்கிறதா? கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியென்றால் குனிந்து அடிச்சட்டத்தின் துருவைப் பாருங்கள். தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரைக் கூலி கொடுத்தாவது கூட்டிப் போங்கள். சமதரையில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்றம் ஏற்ற வேண்டும்.

நாங்கள் வெலிமடையிலிருந்து ஹக்கலப் பக்கம் ஏற்றினோம். பாதி வழியிலேயே வெப்பமானி முள் நடுவைத் தாண்டி ஏறியது. “தெர்மோஸ்டட் மட்டுந்தான், சின்ன வேலை” என்றார் புரோக்கர். பாஸ் எதுவும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். சாவியைத் திருப்பிக் கொடுத்தோம்.

வண்டி நல்லதாக இருந்தாலும் பத்திர வேலை இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் ‘முழு உரித்தாளர்’ என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், விற்பவரின் கடன் இன்னும் தீரவில்லை. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி விபரம் பெறலாம். ஓபன் பேப்பரில் வண்டியை வைத்திராமல் உடனே பெயர் மாற்றுங்கள். ஹயர் ஓடுவதானால் அதற்குரிய காப்புறுதி வேண்டும். சொந்தப் பாவனைக்கான காப்புறுதியோடு ஹயரில் விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். தம்பிக்கு, மருமகனுக்குப் பிணை நிற்கச் சொன்னால், தவணை தவறும் மாதத்தில் அதை உங்களால் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் பெண்ணின் சங்கிலிதான்.

மகன் இரண்டு வாரம் தாயோடு சரியாகப் பேசவில்லை. இப்போது இன்னொருவரின் லொறியில் கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றுகிறான், நாட்கூலிக்கு. காசு தாயின் பெயரில் வங்கியில் இருக்கிறது. போன கிழமை அவனே ஒரு சிறிய லொறியின் விபரத்தை எழுதிக்கொண்டு வந்தான். டீசல், டயர், தவணை என்று முதல் மூன்று வரிகளையும் தானே நிரப்பியிருந்தான்.