மழைக் கணக்கும் மேகக் கணிமையும்

பால்மரம் வெட்டுவோருக்கு மழையின் அருமையையும் கொடுமையையும் எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை; வெட்டி முடித்தபின் மழை கொட்டினால் மங்கிலுள்ள பால் நீரோடு வழிந்துவிடும். இதனாலேயே, தோட்ட அலுவலகத்தின் அருகே மழைமானி ஒன்றை நிறுத்தி, காலைதோறும் பெய்த மழையின் அளவைக் கிராணி ஏட்டில் பதிந்துவைக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அத்தோட்டத்தின் வேலைக்கு அந்த ஏடு போதும். ஆற்றின் கடைக்கோடியில் வாழ்பவருக்கோ அது போதாது.

பண்டமாரானை எடுத்துக்கொள்வோம். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக அமைந்த இவ்வூர், கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடையே தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது. தோட்டங்களை விட்டு வந்த நம்மவர் பலர் கிள்ளான் வட்டாரத்தில்தான் குடியேறினர். ஆகவே இவ்வட்டாரத்தில் உறவினர் இல்லாத வாசகர் சிலராகவே இருப்பர். கோலாலம்பூருக்கு வடகிழக்கே உள்ள மலைகளில் தோன்றும் கிள்ளான் ஆறு, சுமார் 120 கிலோமீட்டர் ஓடி இங்கேதான் கடலில் கலக்கிறது. கடல் ஏறிநிற்கும் வேளையில் மலையிலிருந்து வெள்ளமும் வந்து சேர்ந்தால், நீர் வடிவதற்கு வழியில்லை.

பண்டமாரான்வாசி தன் வீட்டைப் பற்றி முன்கூட்டி அறிய வேண்டியவை எல்லாம் பண்டமாரானுக்கு வெளியே இருக்கின்றன. மழைக்குறிப்பு வானிலை ஆய்வு இலாகாவிடம் உள்ளது. ஆற்றின் மட்டத்தை அளப்பது வடிகால் நீர்ப்பாசன இலாகா. 1958இல் கட்டப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையின் நிலை நீர்வழங்கும் நிறுவனத்துக்குத் தெரியும். கடலின் ஏற்றவற்றத்தை நில அளவை இலாகா அளக்கிறது. நான்கு கிராணிகள் நான்கு ஏடுகளைப் பூட்டிவைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

2021 டிசம்பர் 17ஆம் நாள் தொடங்கிய மழை, ஒரு மாதத்தில் பெய்யக்கூடியதை ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் தஞ்சம் புகுந்தனர். அந்த வெள்ளப் பருவத்தில் நாடெங்கும் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. மழைமானிகளும் ஆற்றுமட்டக் கருவிகளும் அன்றும் இல்லாமலில்லை. அவை கண்ட செய்தி, அரிசி மூட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் மேலே தூக்கிவைக்கும் நேரத்துக்குள் வாசலுக்கு வந்து சேரவில்லை என்பதே மக்களின் முறையீடு.

இங்கேதான் மேகக் கணிமை பயன்படுகிறது. பெயரைக் கேட்டு வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். வெகு தொலைவிலுள்ள பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி, அவற்றை இணையத்தின் வழியாகப் பலரும் பங்கிட்டுப் பயன்படுத்துவதே மேகக் கணிமை. நம் பால் ஸ்டோரைப் போன்றது என்று சொல்லலாம். ஒவ்வொரு நிரையிலும் சேர்ந்த பால் வாளிவாளியாக அங்கு வந்து ஒரே தொட்டியில் சேர்கிறதல்லவா? ஆற்றோரக் கருவிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பும் அளவுகளும் அவ்வாறே ஓரிடத்தில் சேர்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: தொட்டியில் கலந்த பால் எந்த மரத்தினுடையது என்று பிரித்தறிய முடியாது, இங்கோ ஒவ்வொரு துளிக்கும் இடமும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். வெள்ளம் வந்து ஓர் அலுவலகம் மூழ்கினாலும் தரவு மூழ்குவதில்லை.

மழை நாட்டெல்லை பார்த்துப் பெய்வதில்லை. 1963இல் தொடங்கிய உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் நாடுகள் தத்தம் அளவுகளைப் பரிமாறி வருகின்றன. ஜப்பானின் ஹிமாவாரி துணைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் வட்டாரத்து மேகங்களைப் படமெடுக்கிறது. ஜப்பானிய வானிலை நிலையம் அப்படங்களை மேகக் கணிமை வழியாகவே பிற நாடுகளின் வானிலை நிலையங்களுக்கு வழங்குகிறது. வானத்து மேகத்தின் படம் கணினி மேகத்தின் வழியே வருவது சற்று வேடிக்கைதான்!

நம் நாட்டிலும் 2024 டிசம்பரில் தரவுப் பகிர்வுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டரசு இலாகாக்கள் ஒன்றின் ஏட்டை மற்றொன்று கேட்டுப் பெற அது வழிசெய்கிறது. மாநில அலுவலகங்கள் அதன் வரம்புக்குள் இல்லை. ஆறும் நிலமும் மாநிலத்தின் பொறுப்பில் இருக்கையில், இது சிறிய குறையன்று என்பது நம் கருத்து.

காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே கனமழை இன்னும் கனக்கும். எவ்வளவு கனத்துள்ளது என்று சொல்வதற்குப் பழைய ஏடுகள் வேண்டும். பிரிட்டனில் 2020இல் 16,000க்கும் மேற்பட்ட தொண்டர்கள், கையால் எழுதப்பட்ட 65,000க்கும் அதிகமான பழைய மழைப்பதிவுத் தாள்களைப் பதினாறே நாளில் கணினிக்கு மாற்றினர். நம் தோட்ட அலுவலகங்களில் செல்லரிக்காமல் எஞ்சிய மழையேடு எங்கேனும் இருந்தால், அதுவும் அத்தகைய செல்வமே.

இக்கணினிக் கட்டடங்கள் மின்சாரத்தையும் குளிர்விக்கும் நீரையும் ஏராளமாக விழுங்குவதையும் மறைப்பதற்கில்லை. நிலக்கரியால் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு அவற்றை ஓட்டினால், தீர்க்க வந்த கேட்டையே ஓரளவு வளர்த்தவராவோம்.

வடிகால் நீர்ப்பாசன இலாகா நடத்தும் வெள்ளத் தகவல் இணையப்பக்கத்தைக் கைத்தொலைபேசியிலேயே எவரும் காணலாம்; கட்டணமில்லை. ஆற்றின் மட்டம் அங்கு நான்கு மலாய்ச் சொற்களால் குறிக்கப்படுகிறது: நோர்மல், வஸ்பாடா, அமாரான், பஹாயா. வழக்க நிலை, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்பன அவற்றின் பொருள். பண்டமாரானில் இருப்பவர் தம் தெருவுக்கு அருகிலுள்ள நிலையத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றின் மேற்பகுதி நிலையங்களையும், அன்றைய கடலேற்ற நேரத்தையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மேலே வஸ்பாடா என்று காணும்போதே பத்திரங்களை உயரத்தில் வைத்து, கைத்தொலைபேசி இல்லாத அண்டைவீட்டு மூதாட்டிக்கும் சொல்லிவிடலாம்; பஹாயா வரும்வரை காத்திருந்தால் தெருவில் நடக்க இடமிராது.