ஒரே ஒரு பாடம் போதும்!

பட்டம் வாங்கினால்தான் படிப்பா? இந்தக் கேள்விக்கு மதுரை நகரம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது.

1901-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்ற பரீட்சைகளைச் சங்கம் நடத்தி வந்தது. கல்லூரியில் சேராதவர்களும் வீட்டில் பாடம் கேட்டுவிட்டு வந்து எழுதினார்கள். தமிழ் ஒன்றே பாடம். அதில் தேறினால் 'பண்டிதர்'!

விஞ்ஞானி பண்டிதரானார்

கடல் கடந்தும் அந்தப் பரீட்சைக்கு ஆள் கிடைத்தது. இலங்கையில் காரைதீவில் பிறந்த மயில்வாகனன் என்ற இளைஞர் கொழும்பில் விஞ்ஞானம் படித்தவர். 1916-ல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார்.

அவர்தான் பிற்காலத்தில் துறவு பூண்டு, 'யாழ் நூல்' எழுதிய சுவாமி விபுலானந்தர். 1931-ல் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். விஞ்ஞானப் படிப்பை விடாமலே தமிழையும் கற்றுப் பரீட்சை கொடுத்தாரே, அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இன்றைய வழி

மதுரைச் சர்வகலாசாலை 1966-ல் தோன்றியது. 1971-ல் தபால் மூலம் பாடம் நடத்தத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் பயன் அடைந்தார்கள். ஆனாலும் பட்டம் என்றால் பல பாடங்கள், பல ஆண்டுகள்.

உசிலம்பட்டியில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரவு செலவு எழுதும் பெண், குடும்பக் கஷ்டத்தால் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். அவளுக்கு வேண்டியது கணக்கு வைப்பு ஒன்றுதான். அதற்காக மூன்று ஆண்டுப் படிப்புக்குப் பணமும் பொழுதும் எங்கே போவாள்?

அவளுக்கும் இன்று கதவு திறந்திருக்கிறது. மத்திய சர்க்கார் 2017 ஜூலையில் தொடங்கிவைத்த 'ஸ்வயம்' திட்டத்தில் இணையம் வழியாகத் தனிப் பாடம் படிக்கலாம். சென்னை உள்ளிட்ட ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்களும் இதில் உண்டு. கணக்கு வைப்பு முதல் கம்ப்யூட்டர் வரை விருப்பமான ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை.

பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமானால்தான் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும்.

மதுரையிலேயே பரீட்சை

என்.பி.டி.இ.எல். பாடங்கள் 4, 8, 12 வாரங்கள் என மூன்று வகை. வாரந்தோறும் வீட்டுக் கணக்குப் போல விடைகளை அனுப்ப வேண்டும். அதற்கு 25 மார்க். முடிவில் நேரில் எழுதும் பரீட்சைக்கு 75 மார்க். முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் வாங்கினால் சான்றிதழ் கிடைக்கும். பரீட்சை எழுதச் சென்னைக்கு ஓட வேண்டாம். மதுரையிலும் மையம் உண்டு.

வேலை செய்துகொண்டு படிப்பவர்கள் இடறி விழுவது வாரப் பாடத்தில்தான். "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்தால் கெடு போய்விடும். நாள்தோறும் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கிவைப்பது நல்லது. பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது.

ஏமாற வேண்டாம்!

ஒன்றை மறக்கக்கூடாது. ஒரு பாடத்தின் சான்றிதழ் பட்டம் ஆகாது. பட்டம் கேட்கும் உத்தியோகத்துக்கு இதைக் காட்டி மனுப் போட முடியாது. கல்லூரி மாணவராக இருந்தால், அந்தக் கல்லூரி ஒப்புக்கொள்ளும் பாடங்களின் மதிப்பைப் பட்டக் கணக்கில் சேர்க்கலாம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இவ்வாறு எடுக்க 2021-ம் ஆண்டு விதி இடம் தருகிறது. கல்லூரியைக் கேட்டுவிட்டுச் சேருவதே புத்திசாலித்தனம். "நாலு பாடம் படித்தால் பட்டம் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது ஆசை காட்டினால், பணத்தை மடியிலேயே முடிந்துகொள்ளுங்கள்!

அப்படியானால் இந்தப் படிப்பால் என்ன லாபம்? உசிலம்பட்டிப் பெண்ணைக் கேட்டால் தெரியும். பன்னிரண்டு வாரம் கழித்து முதலாளி பேரேட்டைப் புரட்டும்போது, நஷ்டம் எந்த இடத்தில் நுழைந்தது என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியும். அடுத்த மாதம் சம்பள உயர்வு கேட்க அவளுக்குத் தைரியமும் வரும்.

பட்டம் பெறுவோர் பெறட்டும், அது நல்லதே. அதற்கு வசதி இல்லாதவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய அந்த ஒரு பாடம் எது? இன்றைக்கே யோசித்து வையுங்கள்!