பட்டியலில் நம் பையன் இருக்கிறானா?

காற்பந்துப் பருவம் நெருங்கினால் பத்து பெரண்டாம் ஒட்டுக்கடையில் ஒரே பேச்சுதான்: யாரை எடுத்தார்கள், யாரைக் கழற்றிவிட்டார்கள்? தே தாரிக் ஆறிப்போகும், வாக்குவாதம் ஆறாது.

“கோல் அடிக்க வெளிநாட்டுக்காரன் வேணும்லா, தம்பி” என்பார் பக்கத்து மேசை அண்ணன்.

நான் 2022-ஐ நினைவூட்டுவேன். மிஃபா அணியாகத் தொடங்கி சூப்பர் லீக்குக்கு உயர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, அந்தப் பருவத்தை முழுக்க உள்நாட்டு ஆட்டக்காரர்களைக் கொண்டே ஆடியது. பயிற்றுநர் பி.மணியம். கடைசி இடத்துக்கும் போகவில்லை.

“அப்புறம் என்ன ஆச்சு?” என்று மடக்குவார் அண்ணன். பதில் கசப்பானது. பருவம் முடிந்ததும் அந்த அணி லீக்கிலிருந்து விலகியது. நம் மலாக்கா யுனைடெட்டுக்கும் 2023-க்கான உரிமம் கிடைக்கவில்லை. குருபோங்கில் ஹங் ஜெபாட் அரங்கம் இருந்தது. அப்போது சூப்பர் லீக்கில் ஆட நமக்கு அணி இருக்கவில்லை.

2025/26 பருவத்தில் ஓர் அணி 15 வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வரை பதியலாம் என்றாகிவிட்டது. ஆட்டத்தின் தரம் உயரும் என்கிறார்கள், உயரலாம். ஆனால், பள்ளித் திடலில் வெறுங்காலோடு பந்தை விரட்டும் நம் பையன் எந்த இடத்துக்குப் போட்டியிடுவான்?

அண்ணன் இதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த பட்டியல் வரும்போது உள்ளூர்ப் பெயர்களை எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் எண்ணுங்கள்.