கூறைப்புடவையின் நிறம் எங்கே?

பாகூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 1980-களில் பாரிஸில் நடந்த உறவுக்காரர் கல்யாணத்தின் வீடியோ கேசட்டை, இங்கே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றினாராம். படம் வந்தது, நாதஸ்வரமும் கேட்டது. ஆனால் கூறைப்புடவை முதல் மாலை வரை எல்லாமே கறுப்பு வெள்ளை. நிறம் அழிந்துவிட்டதா என்று கேட்கிறார்.

அழிந்திருக்காது. அநேகமாகக் கேசட்டுக்குள் அப்படியே இருக்கும். நம்மூர் விசிஆருக்கு அதைப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா குடும்பங்கள் உள்ள புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கம் இந்தச் சிக்கலுக்குப் பஞ்சமிருக்காது. 1982-ல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது, ஜெர்மனியில் உருவான ‘பால்’ முறையை எடுத்துக்கொண்டது. பிரான்ஸிலோ 1967 முதல் ‘செக்காம்’ என்ற சொந்த முறை. இரண்டிலும் 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். அதனால்தான் படம் ஆடாமல் நிற்கிறது. வெளிச்சம் தனியாக, நிறம் தனியாகப் போவதும் இரண்டுக்கும் பொது. நிறத்தை ஏற்றும் விதம்தான் வேறு. ‘பால்’ இரண்டு நிறத் தகவல்களையும் ஒன்றாக அனுப்பும். செக்காம் ஒரு வரியில் சிவப்புக்கானது, அடுத்த வரியில் நீலத்துக்கானது என்று மாற்றி மாற்றி அனுப்பும். டிவி முந்தைய வரியை நினைவில் பிடித்துவைத்து இரண்டையும் சேர்த்துக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. செக்காமில் நிறம் அதிர்வெண் மாற்றமாக ஏறுகிறது. இரண்டு காட்சிகளின் சமிக்ஞையை நேரடியாகக் கூட்டினால் நிறம் குழம்பிப்போகும். ஒரு காட்சி கரைந்து இன்னொன்று தோன்றும் சாதாரண மிக்ஸிங்கைக்கூட அதில் நேராகச் செய்ய முடியாது. ஆகவே பிரான்ஸிலேயே பல ஸ்டூடியோக்கள் ‘பால்’ போன்ற வேறு முறைகளில் வெட்டி ஒட்டிவிட்டு, ஒளிபரப்பும்போது செக்காமுக்கு மாற்றின. கண்டுபிடித்த நாட்டிலேயே பலர் எடிட்டிங் மேசையில் அதைத் தொடவில்லை!

வாசகருக்கு ஒரு எச்சரிக்கை. மாற்றிய கோப்பை வைத்துக்கொண்டு மென்பொருளில் நிறம் தேடிப் பயனில்லை. அது கோப்புக்குள் வரவே இல்லை. வளைகுடாவிலிருந்து வந்த விசிஆரில் ‘செக்காம்’ என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது ‘மீசெக்காம்’ என்ற வேறு வகை. பிரெஞ்சு கேசட் அதிலும் கறுப்பு வெள்ளையாகவே ஓடும். பிரான்ஸில் வாங்கியது போல, அசல் செக்காமைப் படிக்கும் விசிஆர் தேவை. புதிய விசிஆர்களும் இனி வரப்போவதில்லை: ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கடலோர ஈரத்தில் பீரோவுக்குள் கேசட் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

பிரான்ஸில் 2011-லேயே செக்காம் ஒளிபரப்பு ஓய்ந்துவிட்டது. ஆனாலும் அங்கிருந்து வரும் ஐபோன் வீடியோ, வில்லியனூரின் பழைய கம்ப்யூட்டரில் இன்னமும் மக்கர் பண்ணுகிறது. சத்தம் கேட்கும், திரை இருட்டாக இருக்கும். எங்கள் அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தால் கடலைப்பருப்பு இருக்கும். கோப்பின் பெயரில் உள்ள ‘மூவ்’ என்பதும் பாட்டிலின் பெயர்தான். உள்ளே இருப்பது, 2017 முதல் ஐபோன்கள் பயன்படுத்தும் எச்.265 சுருக்கமுறை. பழைய எடிட்டிங் மென்பொருளுக்கு அது புரியாது. பாரிஸ் மாணவர்கள் 1996-ல் தொடங்கிய திட்டத்தில் பிறந்த விஎல்சி அதை ஓட்டிக் காட்டிவிடும். எடிட் செய்ய வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக்கில் எச்.264-க்கு மாற்றுங்கள். அப்போது ‘மாறாத பிரேம் வேகம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விடியற்கால முகூர்த்தத்தின் மங்கிய வெளிச்சத்தில் போன் தானாகவே பிரேம்களைக் குறைத்துக்கொள்ளக்கூடும். அதை அறியாத மென்பொருளில் தாலி ஒரு பக்கம், கெட்டிமேளம் ஒரு பக்கம் என்று போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பந்தல் அலங்காரத்துக்கு அள்ளிக்கொடுக்கிறோம். கேமராவில் பதிவான மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்க மட்டும் மறந்துவிடுகிறோம். ஸ்டூடியோக்காரர் இடம் போதாமல் ஒருநாள் அவற்றை அழித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. எடிட்டிங்கின் ‘புராஜெக்ட்’ கோப்பு இருந்தாலும் உதவாது. எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்ற குறிப்புதான் அதில் இருக்கும், படம் இருக்காது. அந்தக் குறிப்பையும் அதை எழுதிய மென்பொருள்தான் சரியாகப் படிக்கும். அந்த மென்பொருளும் நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது: விண்டோஸ் மூவி மேக்கரை 2017 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரு காலி ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.