ஒளிக்கு வளைவழி கண்ட கபானி

ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்பது பள்ளிப் பௌதிகத்தின் முதற் பாடங்களுள் ஒன்று. 1926 ஆம் ஆண்டு பஞ்சாபிலுள்ள மோகா நகரிற் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் இதனைத் தம் ஆசிரியரிடங் கேட்டார். அவருள்ளம் அதற்கு இசையவில்லை என்பர்.

பாடம் பிழையன்று. மெல்லிய கண்ணாடியிழையினுட் புகுந்த ஒளிக்கதிர், சுவரில் அவதிக்கோணத்தினும் மிக்க கோணத்திற் படும்போது வெளியேறாது முழுவுட்டெறிப்பு அடைகின்றது. ஒவ்வொரு தெறிப்புக்கும் இடையே அது செல்வது நேர்கோட்டிலேயே, வளைவது இழைதான். ஜெனீவாவிற் கொலடனும் இலண்டனில் ரிண்டலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நீர்த்தாரையில் இதனைக் காட்டியிருந்தனர்.

ஒளியைக் கடத்துவது வேறு, உருவத்தைக் கடத்துவது வேறு. ஓரிழை ஒரு புள்ளியை மட்டுமே சுமக்கும். கோலத்துக்கு இட்ட புள்ளிகள் இடம் மாறினாற் கோலம் சிதைவதுபோல, இழைகள் இரு முனைகளிலும் ஒரே ஒழுங்கில் அமையாவிடின் உருவமுஞ் சிதையும். இலண்டன் இம்பீரியற் கல்லூரியில் ஹொப்கின்ஸ் என்பவரின்கீழ் ஆராய்ந்த கபானி, 75 சதமமீற்றர் நீளமான பதினாயிரத்துக்கு மேற்பட்ட இழைகளை அவ்வாறு ஒழுங்குபடக் கட்டி, உருவத்தை மறுமுனையிற் காட்டினார். அக்கட்டுரை 1954 சனவரியில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

குறையொன்று இருந்தது. ஒன்றையொன்று தொடும் வெற்றிழைகளிடையே ஒளி கசிந்தது. முறிவுச்சுட்டி குறைந்த உறையொன்றை இழைக்கு இடவேண்டும் என்பதை அதே இதழில் எழுதியவர் ஒல்லாந்தரான வான் ஹீல். கண்ணாடிக்குக் கண்ணாடியே உறையான இழையை 1956 இல் அமெரிக்க மாணவர் கேட்டிஸ் ஆக்க, மறுவாண்டே ஹேர்ஷோவிற்ஸ் என்னும் வைத்தியர் அவ்விழைகளாலான கருவிகொண்டு இரைப்பையை நோக்கினார். கபானியின் கட்டுரையைக் கண்டு அவரை இலண்டனிற் சென்று சந்தித்தவர் இவரே.

அமெரிக்காவிற் குடியேறிய கபானி 1960 இல் கலிபோர்னியாவிற் சொந்த நிறுவனந் தொடங்கினார். நூற்றுக்கு மேற்பட்ட ஆக்கவுரிமைகள் அவருக்குரியன. இழையொளியியல் என்னும் துறைக்குப் பெயரிட்டவரும் அவரே.

2009 இல் நோபல் பரிசு சாள்ஸ் காவோவுக்குக் கிடைத்தபோது, கபானி புறக்கணிக்கப்பட்டார் என இந்தியாவிற் பலர் வருந்தினர். வருத்தம் இயல்பே. எனினும், கண்ணாடியிலுள்ள மாசுகளை நீக்கினால் இழைவழியே நெடுந்தொலைக்குச் செய்தி அனுப்பலாம் என 1966 இற் காவோ நிறுவியது வேறொரு வினாவுக்கான விடை. அதனைக் குறைத்துக் கூறிக் கபானியை உயர்த்த வேண்டியதில்லை. வளைந்த இழைக்கட்டின்வழி உருவத்தைக் கொணர்ந்த பெருமை அவருக்கும் ஹொப்கின்சுக்கும் உரியதே. கபானி 2020 திசெம்பரிற் காலமானார். மறுவாண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதளித்தது.

இன்று கொழும்பு வைத்தியசாலைகளில் இரைப்பையை நோக்குங் கருவிகளிற் பெரும்பாலானவற்றில் உருவத்தைப் பிடிப்பது நுனியிலுள்ள சிறு மின்னணுக் கமரா. ஆயினும் அவ்விருட்குகைக்கு ஒளியைக் கொண்டுசெல்ல இழைக்கட்டுகள் இன்றும் பயன்படுகின்றன.