தடை போட்டால் போதாது, கணக்கும் வேண்டும்

கோழி, மாடு, மீன், இறால் என உணவுக்காக வளர்க்கப்படும் உயிர்களுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவிட்டது. கோலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் மருத்துவமனைகள் ஒரு காலத்தில் அதை ஒதுக்கியே வைத்திருந்தன. மற்ற மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெருகிய பிறகு, வேறு வழியில்லாமல் மருத்துவர்கள் மறுபடி அதைக் கையில் எடுத்தார்கள். சாகக் கிடக்கும் நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கப்படும் அந்த மருந்துதான், எடை கூட வேண்டும் என்பதற்காகக் கோழித் தீவனத்திலும் கலக்கப்பட்டு வந்தது. எனவே தடை மிகச் சரியானது. ஆனால் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லித் தடை போடுவதோடு அரசின் வேலை முடிந்துவிடாது. எந்தப் பண்ணைக்கு எந்த மருந்து எவ்வளவு போகிறது என்ற கணக்கு கையில் இல்லாத வரை, சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

தீவனத்தில் கலக்கும் மருந்தில் அப்படி என்ன ஆபத்து? நோய் வந்த மாட்டுக்கு முழு அளவு மருந்தைச் சில நாள் கொடுத்து நிறுத்துவது சிகிச்சை. எடைக்காகக் கலப்பது அப்படியல்ல. நோயில்லாத ஆயிரக்கணக்கான கோழிகள் சிறு அளவு மருந்தை வாரக்கணக்கில் தின்கின்றன. அந்த அளவில் நோஞ்சான் கிருமிகள் சாகும், தாக்குப்பிடிக்கும் கிருமிகள் தங்கிப் பெருகும். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி இதைவிடக் கவலை தந்தது. கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பன்றிகளிடமும், கடை இறைச்சியிலும், மருத்துவமனை நோயாளிகளிடமும் அவர்கள் கண்டார்கள். ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு வகைக் கிருமிக்கே தாவக்கூடிய மரபணு அது. அப்படியானால் பண்ணையில் உருவாகும் எதிர்ப்புத்திறன் பண்ணை வேலியோடு நிற்கப்போவதில்லை.

ஆன்டிபயாடிக்கைத் தவறாகப் பயன்படுத்துவது மனிதர்கள்தான், கோழிமேல் ஏன் பழி என்று கேட்பவர்கள் உண்டு. சளிக்கும் காய்ச்சலுக்கும் சீட்டே இல்லாமல் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடம் இருப்பது உண்மைதான். அதற்கும் கடிவாளம் வேண்டும். ஆனால் பண்ணைக்குப் பங்கில்லை என்ற வாதத்துக்குச் சீனாவே பதில் சொல்லிவிட்டது. 2017-ல் அந்த நாடு தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2015-ல் 27,000 டன்னுக்கு மேல் இருந்த அதன் உற்பத்தி 2018-ல் சுமார் 2,500 டன்னாக இறங்கியது. கோலிஸ்டினுக்கு அடங்காத அந்த மரபணு கொண்ட கிருமி, பன்றிகளிடம் 34 சதவீதத்திலிருந்து சுமார் 5 சதவீதத்துக்கும், மனிதர்களின் குடலில் 14 சதவீதத்திலிருந்து சுமார் 6 சதவீதத்துக்கும் சில ஆண்டுகளிலேயே குறைந்தது. தீவனத்தில் செய்த மாற்றம் மனித உடலில் தெரிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டென்மார்க் இதைவிட நீண்ட பாடம். பன்றி வளர்ப்பையே பெருந்தொழிலாகக் கொண்ட அந்த நாடு 1995-ல் அவோபார்சின் என்ற தீவன மருந்தைத் தடை செய்தது. ஏறக்குறைய அதே சமயத்தில், கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று லாபம் பார்ப்பதற்கும் கட்டுப்பாடு வைத்தது. எழுதிக் கொடுப்பவருக்கே விற்பனையில் லாபம் இருந்தால் சீட்டு நீளும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. பிறகு எடை கூட்டும் மருந்துகள் எல்லாமே படிப்படியாக நிறுத்தப்பட்டன. உடனே எல்லாம் சீராகிவிடவில்லை. பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் வந்தது. அதற்காகச் சிகிச்சை மருந்தின் அளவு ஏறியது. அந்தச் சமயத்தில் கைகொடுத்தது கணக்குதான். 2000 முதல் கால்நடைக்கு எழுதப்படும் ஒவ்வொரு மருந்தும் எந்தப் பண்ணைக்கு, எந்த வயதுக் கால்நடைக்கு என்ற விவரத்தோடு அரசின் பதிவில் ஏறுகிறது. 2010-ல் வந்த மஞ்சள் அட்டை முறையில், வரம்புக்கு மேல் மருந்து வாங்கும் பண்ணைக்கு எச்சரிக்கை போகும். குறிப்பிட்ட காலத்துக்குள் குறைத்துக் காட்ட வேண்டும். ஓரிரு ஆண்டிலேயே பன்றிகளுக்கான மருந்துப் பயன்பாடு சுமார் கால் பங்கு குறைந்தது.

மருந்தை நிறுத்தினால் தொழிலே படுத்துவிடும் என்ற பயத்துக்கும் டென்மார்க்கிலேயே பதில் இருக்கிறது. 1992-க்கும் 2008-க்கும் இடையில் அங்கே ஒரு கிலோ பன்றிக்கு ஆன மருந்து பாதிக்கும் கீழே போனது. ஆண்டுக்கு வளர்க்கப்பட்ட பன்றிகளோ 1 கோடியே 84 லட்சத்திலிருந்து 2 கோடியே 71 லட்சமாகக் கூடின. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் எடைக்கான மருந்துகளையும், 2022 ஜனவரியில் நோய் வருமுன்பே மந்தைக்கு வழக்கமாகக் கொடுப்பதையும் தடை செய்தது இப்படிப்பட்ட அனுபவத்தின் பலத்தில்தான்.

நம் ஊர்ப் பண்ணையாளர் டேனிஷ் பண்ணையாளரைப் போல வசதியானவர் இல்லையே என்ற மறுப்பை மட்டும் எளிதில் தள்ளிவிட முடியாது. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், நெருக்கடியில்லாத கொட்டகை எல்லாமே செலவுதான். ஆனால் கறிக்கோழித் தொழிலில் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி தருகிறது. கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையது. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதை முடிவு செய்யாதவர்மேல் அபராதம் போடுவது அநியாயம். சட்டத்தின் கை முதலில் தீவன ஆலைமீதும், குஞ்சும் மருந்தும் கொடுக்கும் கம்பெனிமீதும் விழ வேண்டும்.

நம் நாட்டில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்று கால்நடை மருந்தின் லேபிளில் தனியாகச் சொல்லப்படாவிட்டால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012-லேயே விதி வந்துவிட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கடுமையான எச்ச வரம்புகள் 2025 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஆனால் எச்சச் சோதனை முட்டையிலும் பாலிலும் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். கொடுத்து நிறுத்திய மருந்து பண்ணையில் எத்தகைய கிருமியை வளர்த்துவிட்டுப் போனது என்பதை அது சொல்லாது. அதற்கு, தயாரிப்பாளர் முதல் தீவன ஆலை வரை ஒவ்வொருவரும் விற்ற, வாங்கிய ஆன்டிபயாடிக்கின் அளவை மாதந்தோறும் பதிய வேண்டும். அந்தப் பதிவு மக்கள் பார்வைக்கும் வர வேண்டும். நாமக்கல் போன்ற முட்டை மாவட்டத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். மத்திய, மாநில அரசுகள் இனியும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.